பஸ்ஸைப் பிடி, டிபனை விடாதே!

கேள்வி: காலை ஏழு மணி மின்சார ரயில். டிபன் செய்ய நேரமே இல்லை. என்ன செய்வது?
*– பட்டினிப் பயணி, தாம்பரம்*

பதில்: காலையில் செய்யாதீர்கள். ராத்திரி டிபனுக்கு இட்லி ஊற்றும்போதே ஒரு ஈடு கூடுதலாக ஊற்றிவிடுங்கள். நன்றாக ஆறியதும், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியை இரண்டு பக்கமும் ஓரம் விடாமல் தடவி டப்பாவில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து இட்லி பிசுபிசுத்துப் போகும். ஆறவைத்துத் தடவினால் எண்ணெய் இட்லியைக் காயவிடாது. மறுநாள் காலை பொடி ஊறி, முந்தின ராத்திரியைவிட ருசியாகவே இருக்கும். கையும் அவ்வளவாகப் பிசுக்காகாது. பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் ஒன்று கொடுக்கவும் செய்யலாம்.

கேள்வி: சட்னி இல்லாமல் எனக்குத் தொண்டையில் இறங்காதே?
*– சட்னி ரசிகர், கும்பகோணம்*

பதில்: தேங்காய்ச் சட்னி பஸ் ஏறும்போது சட்னி, வெயிலில் இரண்டு மணி நேரம் போனால் அது வேறு வஸ்து. தேங்காயும் தண்ணீரும் கட்டுச்சோற்றுக்கு விரோதிகள். எண்ணெயும் புளியும் உப்பும் நண்பர்கள். எனவே தக்காளித் தொக்கு. கொஞ்சம் புளி சேர்த்து, எண்ணெய் பிரிகிற வரை சுருள வதக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஈரக் கரண்டியை மட்டும் அதற்குள் விடாதீர்கள்.

கேள்வி: என் மகள் ராத்திரியே ஓட்ஸைப் பாலில் ஊறப்போட்டு, காலையில் அப்படியே சாப்பிடுகிறாள். இதெல்லாம் ஒரு சாப்பாடா?
*– கவலைப்படும் தாய், கோவை*

பதில்: சாப்பாடுதான் அம்மா. தயிர் அவல் செய்து தந்த கைதானே உங்களுடையது? அதுவும் இதே வேலைதான். ஊறவைத்த நெல்லை வறுத்து இடித்ததுதான் அவல். தனியாக வேக வேண்டியதில்லை. சிவப்பு கெட்டி அவலைக் கழுவி வடித்து, காய்ச்சி ஆறிய பாலும் ஒரு கரண்டி தயிரும் உப்பும் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பால் தாராளமாக இருந்தால் புளிப்பு ஏறாது. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் ராத்திரியே தாளிக்கலாம். கடலைப் பருப்பு மட்டும் வேண்டாம், நமுத்துவிடும். காலையில் மாதுளை முத்துகளைத் தூவி, மகள் ஓட்ஸ் வைக்கும் அதே கண்ணாடி ஜாடியில் போட்டுக் கொடுங்கள். மறுபேச்சு வராது.

கேள்வி: இட்லியில் புரதமே இல்லை என்கிறாரே எங்கள் ஜிம் மாஸ்டர்?
*– புஜபல இளைஞர், திருச்சி*

பதில்: இட்லியில் இருக்கும் உளுந்தை அவர் பார்க்கவில்லை. நாலுக்கு ஒன்று என்பதால் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். அடைக்கு மாறுங்கள். அரிசியும் பருப்பும் சரிக்குச் சரி போட்டு, மூன்று மணி நேரம் ஊறவைத்து, கொரகொரவென்று அரைத்தால் போதும், புளிக்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை ஒரு கை போட்டு மெல்லியதாக வார்த்து, வெல்லத்தைத் தூவிச் சுருட்டினால் நடந்துகொண்டே சாப்பிடலாம். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் குக்கரில் போட்டால் சுண்டல். மாஸ்டருக்கும் ஒரு பொட்டலம் கொடுங்கள்.

கேள்வி: டப்பாவில் வரும் சத்து பவுடரைப் பாலில் கலக்கிக் குடித்தால் போதாதா?
*– அவசரக்காரர், வேலூர்*

பதில்: டப்பாவின் முன்பக்கம் இருக்கும் பையனைப் பார்க்காமல், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சர்க்கரை அளவைப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கேழ்வரகு மாவைக் காலையில் கரைத்துப் புளிக்க விட்டு, ராத்திரி வேகவைத்த நொய்யோடு கிளறி ஆறவையுங்கள். மறுநாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்தால் கூழ் தயார். பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கித் திருகுங்கள். பையில் லேப்டாப்பும் இருக்கும்.

கேள்வி: நாள்பட வைத்துச் சாப்பிடும் இட்லி உண்டா?
*– ஆராய்ச்சி மாணவி, சிதம்பரம்*

பதில்: காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளைக் கேளுங்கள். அவருக்குப் படைக்கும் குடலை இட்லி மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் வேகிறது. வீட்டில் எண்ணெய் தடவிய டம்ளரில் வார்க்கலாம். ஆறியபின் வில்லையாக நறுக்கினால் இரண்டு வேளைக்குத் தாங்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கல்லிலிருந்து எடுத்த சூடான தோசைதான் வேண்டும் என்கிறார். நானும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும்.
*– இரட்டை மாடு, மதுரை*

பதில்: மாவு ஃபிரிட்ஜில், கல் அடுப்பில், அவருக்குக் கை இரண்டு. நீங்கள் உங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வாரத்தில் நாலு நாள் இப்படி முன்கூட்டியே செய்தால் போதும். மற்ற நாட்களில் தெருமுனை இட்லிக் கடை அக்காவுக்கும் வியாபாரம் நடக்க வேண்டுமே!