பாஞ்சோவும் பக்கத்து வீடும்

கேள்வி: மாண்டலின், ஃபிடில், பாஞ்சோ என்று தாவிக்கொண்டே இருக்கும் அமெச்சூர் இசைக்காரர் எதிலாவது தேறுவாரா?

பதில்: எந்த வரிசையில் தாவுகிறார் என்பதைப் பொறுத்தது.

மாண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் ஒரே சுருதி அமைப்புதான்; இடது கை விரல்கள் பழைய பாடத்தையே ஒப்பிக்கலாம். ஆனால் மாண்டலினில் மெட்டுக்கட்டைகள் உண்டு. விரல் கொஞ்சம் விலகினாலும் சுரம் பிழைத்துக்கொள்ளும். ஃபிடிலில் அந்தக் காப்பீடு கிடையாது. போதாக்குறைக்கு வில் வேறு. அது வசப்படும்வரை பக்கத்து வீட்டுக்காரர்தான் மெய்யான ரசிகர், பாவம்!

பாஞ்சோ தனி ரகம். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் இசை மரபில் பிறந்தது. அதன் ஐந்தாவது தந்தி குட்டையானது. பாட்டு எங்கே போனாலும் அது தன் ஒரே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். பழைய ‘கிளாஹேமர்’ பாணியில் விரல் நகம் தந்தியை மேலிருந்து கீழே அடிக்கும். 1945 கடைசியில் பில் மன்றோவின் புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், கட்டைவிரலோடு இரு விரல்களைச் சேர்த்துச் சரமாரியாக மீட்டினார். புளூகிராஸ் பாஞ்சோவின் முகமே மாறியது. ஒரு பாணியில் ஊறிய கை மற்ற பாணியைக் கண்டால் புது மாப்பிள்ளைபோல் விழிக்கும்.

சீக்கிரம் கைதட்டல் வேண்டுமென்றால் அப்பலாச்சியன் டல்சிமர். மடியில் வைத்து ஒரு தந்தியில் மெட்டை வாசித்தால், மற்றவை சுருதி சேர்க்கும்.

தாவல் வீண் என்பவர்கள் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் வாசிப்பைக் கேட்கட்டும். அந்த மேல்நாட்டு வாத்தியத்தின் எட்டுத் தந்திகளை ஐந்தாக்கி, மின்சாரத்தையும் சேர்த்து, அதில் கர்நாடக இசையின் கமகத்தையே வரவழைத்தவர் அவர். அவர் தாவவில்லை, தாவியது மாண்டலின்!