வலது காலை எடுத்து வைத்து

எங்கள் வீட்டில் எதைத் தொடங்கினாலும் வலது காலை எடுத்து வைத்துத்தான் தொடங்குவோம். கல்யாணம், புது வீடு, புது வேலை என்று எல்லாவற்றுக்கும் கைகொடுத்த அந்தக் கால், ஐம்பத்திரண்டு வயதில் ஒரு சைக்கிள் பெடலிடம் தோற்றுப்போனது.

இனிப்புநீர் வாசல் வரை வந்துவிட்டது, சைக்கிள் மிதியுங்கள் என்றார் டாக்டர். சாதாரண பெடலையே மிதித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெலுக் கும்பார் பக்கம் கூட்டமாகப் போகிறவர்களின் சப்பாத்து, பெடலோடு ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டுத் தொலைத்தேன்.

அதற்குப் பெயர் கிளிப்லெஸ் பெடல், அதாவது கிளிப் இல்லாத பெடல். காலைக் கவ்விப் பிடிக்கிற ஒன்றுக்கு இப்படிப் பெயர் வைத்தது யார் என்று தேடினால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் பந்தயக்காரர்கள் பெடலில் ஒரு கூண்டு வைத்து, அதில் கால்விரலை நுழைத்து, தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். கூண்டுதான் கிளிப். பனிச்சறுக்குக் கட்டையில் சப்பாத்தைப் பூட்டும் வித்தையை, லுக் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 1984இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. கூண்டு போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. மறு ஆண்டே பெர்னார்ட் இனோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸை வென்றார். நம் பினாங்குப் பாலம் திறந்ததும் அதே 1985இல்தான். 13.5 கிலோமீட்டர் நீளத்தில் பாலம் போட்டுத் தீவைப் பெருநிலத்தோடு இணைத்துவிட்டார்கள். என் சப்பாத்துக்கும் பெடலுக்கும் நடுவில்தான் இணைப்பு இல்லை.

நான் வாங்கியது மலைச் சைக்கிள் வகை. சப்பாத்தின் அடியில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு சின்ன இரும்புத் துண்டு. அதுதான் கிளிட். அதன் மூக்கைப் பெடலின் முன்பக்கம் நுழைத்து அழுத்தினால், பின்பக்க ஸ்பிரிங் வாயைத் திறந்து கவ்விக்கொள்ளும். வெளியே வர, குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். புதுசாகப் போடுகிறவர்கள் கழற்றத் தெரியாமல் சிவப்பு விளக்கில் விழுவார்கள். எனக்கோ மாட்டவே இல்லை. விழுந்தது மட்டும் பொது.

விழுந்த இடம் பாம்புக் கோயில் அருகே. இடது கால் ‘டக்’. வலது கால் வழுக்க, பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கெண்டைக்கு முன்னால் உள்ள எலும்பில் போட்டது ஒரு போடு. இடது காலோ சமயம் பார்த்துக் கழல மறுத்தது. உள்ளே விரியன்கள் ஊதுபத்திப் புகையில் அசையாமல் கிடப்பதாகச் சொல்வார்கள். வெளியே நானும் அப்படித்தான் கிடந்தேன்.

இதில் சொல்லவே வெட்கமான சங்கதி என் வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருடமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் இன்னொன்றில் ஏன் உட்காரவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். “வயசுக்கு ஏத்த வேலையா பாருங்க,” என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு அண்ணன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். “புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குனீங்களா தம்பி?” என்று கேட்டார். நசுக்கினேன். பழம் ‘டக்’கென்று நசுங்கியது.

பிறகுதான் தொழில் புத்தி வந்தது. ஸ்பிரிங் இறுக்கத்தை மூன்று மில்லிமீட்டர் சாவியால் தளர்த்தினேன், பலனில்லை. பள்ளத்தில் மணல், சின்னக் கல் ஏதாவது இருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பார்த்தேன், இல்லை. கிளிட்டின் மூக்கு முன்பக்கம்தான் பார்த்தது. இரண்டு திருகாணியும் இறுக்கமாகவே இருந்தன. எண்ணெய் விட்டேன், வழுக்கல்தான் கூடியது. சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றி, கையாலேயே பெடலில் வைத்து அழுத்தினேன். அப்போதும் மாட்டவில்லை. அன்று நான் அடைந்த நிம்மதிக்கு அளவில்லை. கால் மேல் தப்பில்லை, வயசு மேலும் தப்பில்லை! மனைவியைக் கூப்பிட்டு இரண்டு தடவை செய்து காட்டினேன். அவள் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

இடது சப்பாத்தை வலது பக்கப் பெடலில் வைத்து அழுத்தினேன். ‘டக்.’ ஆக, பெடலும் நிரபராதி. இரண்டு சப்பாத்தையும் கவிழ்த்துப் போட்டு வெர்னியரால் அளந்தேன். வலது கிளிட் ஒரு மில்லிமீட்டர் உள்ளே பதுங்கியிருந்தது. இரும்பு பெடலைத் தொடுவதற்கு முன்பே, பக்கத்திலிருக்கும் ரப்பர் பற்கள் பெடலில் முட்டிக்கொண்டு நின்றன. ஏன் பதுங்கியது? திருகாணியைக் கழற்றினால், இடதில் கிளிட்டுக்கு அடியில் மெல்லிசாக ஒரு தகடு, வலதில் அது இல்லை. மாட்டியது நான்தான். மாட்டி முடித்ததும் ஒரு தகடு மிச்சம் இருந்ததும், “உபரி கொடுத்திருக்கான், நல்ல கம்பெனி,” என்று பாராட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

தகடு எங்கே? வீடெல்லாம் தேடி, கடைசியில் சாமி மேடைக்குக் கீழே கண்டுபிடித்தேன். மேடையின் ஒரு கால் கட்டை என்று மனைவி அதை முட்டுக் கொடுத்திருந்தாள்.

“எடுத்துக்கட்டுமா?”

“முருகன் ஆடுவாரு. பரவாயில்லையா?”

முருகனை ஆடவிட்டு நான் சைக்கிள் மிதிப்பதா? கடைக்குப் போய், “தவுக்கே, இந்தத் தகடு ஒண்ணு மட்டும் கிடைக்குமா?” என்று மலாயில் கேட்டேன். தனியாக விற்பதில்லை, கிளிட் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்று ஒரு விலை சொன்னார். அத்தனை வெள்ளிக்குக் குடும்பமே ஒரு வாரம் பசியாறலாம்.

வேறு வழியில்லாமல், முட்டுகிற ரப்பர் பற்களையே சீவுவது என்று முடிவெடுத்தேன். பாட்டி கெடா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவினவர். பட்டை போகணும், மரத்துக்குக் காயம் படக்கூடாது என்பார். பேத்திகளுக்கெல்லாம் டிகிரி, பேரனுக்கு மறுபடியும் ரப்பர்! சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்து, இழை இழையாகச் சீவி, சீவி, அழுத்திப் பார்த்து, மறுபடி சீவினேன். ஒன்பதாவது தடவை ‘டக்’.

கத்தியைக் கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மதியம் ரசத்தை வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

“பெருங்காயம் ஒரு மாதிரி வாடை அடிக்குதில்ல?”

“பழைய டப்பாவா இருக்கும்,” என்றேன்.