தேயிலை மலையின் கறுத்த மண்

கேள்வி: காற்றில் கரியமில வாயு கூடினால் செடி செழிக்குமாமே! நுவரெலியா தேயிலைக்கு நல்ல காலம்தானே?

பதில்: விருந்தும் காய்ச்சலும் ஒரே நாளில் வந்தால் அது நல்ல காலமா? கரியமில வாயு கூடினால் இலை கூடுதலாக உணவு தயாரிக்கும், உண்மை. ஆனால் அதே வாயு சூட்டையும் ஏற்றுகிறது. வறட்சி நீண்டால் கொழுந்து துளிர்க்காது.

பெரிய கதை மண்ணுக்குள் நடக்கிறது. சுமார் 1,870 மீட்டர் உயரத்து நுவரெலியாக் குளிரில் உதிர்ந்த இலை மெதுவாகத்தான் மக்கும். அதனால் கரிமம் தங்கி மண் கறுத்துக் கிடக்கிறது. சூடு ஏறினால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி அந்தச் சேமிப்பைத் தின்று, வாயுவாகக் காற்றுக்கே திருப்பிவிடும். மிச்சத்தைப் பெருமழை சரிவோடு அள்ளிப்போகும்.

தடுக்க வழி உண்டு. கவ்வாத்து வெட்டிய கொப்புகளை மலையிலேயே பரப்பலாம். அதற்கு முன், அவற்றை விறகாக எரிக்கும் தொழிலாளர் லயத்து அடுப்புகளுக்கு வேறு எரிபொருள் கிடைக்க வேண்டும்.

இன்னொன்று புல். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல் வளர்த்து, அவ்வப்போது வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடச் சொல்கிறது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம்.