உளுந்து லீக்குக்கு ரசிகராவது எப்படி?

சூப்பர் பவுல் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் சோபாவில் போய் உட்காருவீர்கள். டி.வி.யில் கோல்ஃப் ஓடும். "சும்மாதானே இருக்கீங்க, கராஜை ஒழிச்சுக் குடுங்களேன்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை என்.எஃப்.எல். உங்களைக் காப்பாற்றிவிட்டது. அமெரிக்காவில் குடியேறி, அந்த ஊர் ஃபுட்பால் பைத்தியமும் பிடித்துவிட்ட உங்களை இனி ஆகஸ்ட் வரை யார் காப்பாற்றுவது?

வசந்தகால லீக் காப்பாற்றும். அதாவது, உயிரோடு இருக்கிற வரைக்கும்.

கதை 1983இல் யு.எஸ்.எஃப்.எல்.லில் தொடங்குகிறது. மூன்று சீசன் ஆடிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. 1991இல் வேர்ல்டு லீக். 2001இல் எக்ஸ்.எஃப்.எல்.; ஒரே சீசன். 2019இல் ஏ.ஏ.எஃப்.; அந்த ஒரு சீசன்கூட முழுதாக இல்லை. 2020இல் மறுபடி எக்ஸ்.எஃப்.எல்.; ஐந்தாவது வாரத்தில் கொரோனா வந்து கதவைத் தட்டியது. 2022இல் மறுபடி யு.எஸ்.எஃப்.எல்., 2023இல் மூன்றாம் முறையாக எக்ஸ்.எஃப்.எல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது மாதிரி, செத்த லீக்கின் பெயரைப் புதுசுக்கு வைப்பது அங்கே வழக்கம். கடைசியில் இரண்டு பேரன்களுக்கும் கல்யாணம் செய்துவைத்து 2024இல் யு.எஃப்.எல். என்று ஒரே குடும்பமாக்கிவிட்டார்கள்.

ரசிகராகச் சேருமுன் இந்தத் தொழிலின் தத்துவம் தெரிய வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: சம்பா அறுப்பு முடிந்த வயலில் உளுந்து தெளிப்பது. வயல் பண்ணையாருடையது, பண்ணையார் என்.எஃப்.எல். அவர் நெல்லை அறுத்துக்கொண்டு போன பிறகு மிச்சமிருக்கும் ஈரத்தில் நாலு மூட்டை உளுந்து எடுத்துக்கொள்ளலாம். இதை முதலில் கண்டுபிடித்தவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த டேவிட் டிக்சன் என்ற பழம்பொருள் வியாபாரி. மற்றவர் கழித்துப் போட்டதற்கும் விலை உண்டு என்று அந்தத் தொழில்காரருக்குத் தெரியாதா?

அவர் தொடங்கிய யு.எஸ்.எஃப்.எல். உளுந்தோடு நின்றிருந்தால் பிழைத்திருக்கும். நியூ ஜெர்சி ஜெனரல்ஸ் அணியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்த ஒருவர், நாமும் சம்பாவே போடுவோம், 1986இலிருந்து ஆட்டத்தை இலையுதிர் காலத்துக்கு மாற்றுவோம் என்றார். அவர் பெயர் டொனால்ட் டிரம்ப். மற்ற முதலாளிகளும் தலையாட்டினார்கள். கூடவே, ஏகபோகம் நடத்துகிறது என்று என்.எஃப்.எல். மேல் கோர்ட்டில் வழக்கு. 1986 ஜூலையில் தீர்ப்பு வந்தது: ஆமாம், பண்ணையார் ஏகபோகம்தான் நடத்துகிறார், நஷ்ட ஈடாக 1 டாலர் கொடுக்கட்டும். சட்டப்படி அது மூன்று மடங்காகி 3 டாலர். வட்டியோடு செக் எழுதும்போது 3 டாலர் 76 சென்ட். அந்தச் செக்கை யு.எஸ்.எஃப்.எல்.காரர்கள் வங்கியில் போடவே இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஆட்டமும் நடக்கவில்லை.

ஆகவே பாலபாடம்: உங்கள் லீக்கின் முதலாளி "அடுத்த வருஷம் பெரிசா பண்றோம்" என்று பேட்டி கொடுத்தால், டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

இனி செய்முறை. முதல் படி, மச்சானுக்குப் பதில் தயாரிப்பது. புது லீக் தொடங்கிய அன்றே அவர் போன் செய்வார். எப்படியும் டல்லாஸ் கவ்பாய்ஸ் ரசிகராகத்தான் இருப்பார்.

"என்ன மாப்ள, இதெல்லாம் ஒரு லீக்கா? என்.எஃப்.எல்.ல கழிச்சுவிட்ட பசங்கதானே?"

இங்கே பலர் ஆட்டத்தின் தரத்தைப் பற்றி வாதாடி மாட்டிக்கொள்கிறார்கள். வேண்டாம். அன்று காலை குவார்ட்டர்பேக் வீசிய பந்து தன் ஆள், எதிராள் இருவரையும் தாண்டித் தண்ணீர் கேனில் விழுந்ததை மச்சானும் பார்த்திருப்பார். ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு நிதானமாக, "மச்சான், உங்க டீமுக்குக் கோல் உதைக்கிறாரே பிராண்டன் ஆப்ரி, அவர் பர்மிங்காம் ஸ்டாலியன்ஸ்ல உதைச்சவர். பந்தை வாங்கிக்கிட்டு ஓடுறாரே டர்பின், அவர் நியூ ஜெர்சி ஜெனரல்ஸ். ரெண்டு பேரும் எங்க வயல்ல வெளஞ்சவங்க" என்று சொல்லுங்கள். அவர் யோசிப்பதற்குள், 2024இல் என்.எஃப்.எல். கொண்டுவந்த புது கிக்-ஆஃப் முறையே எக்ஸ்.எஃப்.எல்.லைப் பார்த்துச் செய்ததுதான் என்பதையும் எடுத்து வையுங்கள்.

மச்சான் தோற்கமாட்டார். "அதெல்லாம் சரி, கூட்டத்தையே காணோமே?" என்பார். இது வலிக்கிற இடம். 2022இல் யு.எஸ்.எஃப்.எல்.லின் எட்டு அணிகளுக்கு எட்டு ஊர்ப் பெயர்கள் இருந்தன. ஆனால் வழக்கமான சீசன் ஆட்டம் எல்லாம் பர்மிங்காம் என்ற ஒரே ஊரில். உள்ளூர் அணி ஆடினால் கூட்டம் வரும். நியூ ஆர்லியன்ஸும் பிட்ஸ்பர்கும் ஆடினால் நாற்காலிகள்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கேள்விக்கு வாயால் பதில் கிடையாது, செயலால்தான் உண்டு. மைதானத்துக்குப் போகும்போது பெரிய கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் உட்காருங்கள். குடும்பத்தோடு போயிருந்தால் ஆளுக்கு நாலு சீட் இடைவெளி விடுங்கள். டி.வி.யில் நிறைந்த மாதிரி தெரியும்.

இரண்டாவது படியாக, ஆட்டத்தின் தொடக்க ஓட்டத்தைப் பார்ப்பது என்று ஒன்று இருந்தது. அது 2001 எக்ஸ்.எஃப்.எல்.லோடு போய்விட்டது. பூவா தலையா போடுவதற்குப் பதில் நடுவில் பந்தை வைத்து, அணிக்கு ஒருவராக இரண்டு பேரை ஓடவிட்டு, யார் எடுக்கிறாரோ அவர் பக்கம் ஆட்டம் என்று வைத்தார்கள். முதல் வார இறுதியிலேயே ஒருவருக்குத் தோள்பட்டை கழன்றது. அவருக்கு அந்த சீசன் அதோடு சரி. ஆரம்ப நாளில் ஆவலாகப் பார்த்த கூட்டத்தில் பாதிக்கு மேல் மறு வாரம் டி.வி. பக்கமே திரும்பவில்லை. ஆனால் அந்த லீக்கில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: ஜெர்சி முதுகில் எந்தப் பெயர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். லாஸ் வேகஸ் அணியின் ராட் ஸ்மார்ட், 'அவனுக்கு என்னைப் பிடிக்காது' என்று பொருள்படும் மூன்றே சொற்களைப் போட்டுக்கொண்டு ஓடினார். யாருக்குப் பிடிக்காது, ஏன் பிடிக்காது என்று கேட்டவர்கள்கூட அந்த ஜெர்சியை வாங்கினார்கள். பிற்பாடு அவர் கரோலினா பேந்தர்ஸில் சேர்ந்து நிஜ சூப்பர் பவுலே ஆடிவிட்டார்.

அணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சொந்த ஊர், கலர், கோச் என்றெல்லாம் பார்க்காதீர்கள். வயிற்றெரிச்சலைப் பாருங்கள். வயிற்றெரிச்சல் உள்ள ஊர்தான் கடைசி வரை நிற்கும். செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியை 2016 ஜனவரியில் அதன் முதலாளி லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். ஊருக்கு மிச்சமானது கூரை போட்ட ஒரு பெரிய ஸ்டேடியமும் ஆறாத கோபமும். பேட்டில்ஹாக்ஸ் என்ற வசந்தகால அணி அங்கே வந்ததும் ஊரே திரண்டது. 2023 மார்ச்சில் ஒரு ஆட்டத்துக்கு 38,310 பேர். தங்கள் கோஷம் பருந்துக் குரல் என்று அந்த ரசிகர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நம் காதில் அது அமாவாசைச் சோற்றை மதில்மேல் வைத்துவிட்டுக் கூப்பிடுவதுதான். "கக்-கா! கக்-கா!" தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி உள்ள தொண்டை உங்களுடையது. தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள்.

கோபம் வேண்டாம், கொண்டாட்டம் போதும் என்பவர்களுக்கு வாஷிங்டன் டி.சி. அங்கே டிஃபெண்டர்ஸ் ரசிகர்கள் பாம்பு கட்டுவார்கள். முறை இதுதான்: பீரைக் குடித்துவிட்டுப் பிளாஸ்டிக் கப்பைக் கீழே போடாமல், முன் வரிசைக்காரரின் கப்புக்குள் செருகுங்கள். அவர் அதை அடுத்தவரிடம் கொடுப்பார். மூன்றாவது குவார்ட்டர் வருவதற்குள் அது தலைகளுக்கு மேல் வளைந்து வளைந்து நாலைந்து வரிசை தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் பிடிக்கிறவர் முக்கியம். அவர் கை தட்டினால் பாம்பு இரண்டாக ஒடியும், கப்பின் அடியில் தங்கியிருந்ததெல்லாம் உங்கள் சட்டையில். டச்டவுன் விழுந்தாலும் அவர் கை தட்டக் கூடாது. விரதம் மாதிரி.

2023 பிப்ரவரியில் காவலர்கள் வந்து அந்தப் பாம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோபத்தில் ரசிகர்கள் எலுமிச்சம்பழத்தை மைதானத்தில் எறிந்தார்கள். நாம் என்றால் புது வண்டிச் சக்கரத்தில் வைத்து நசுக்குவோம். அங்கே ஆளுக்கு ஒன்றாக வீசினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். திருஷ்டி கழிந்ததோ என்னவோ, 2025 இறுதி ஆட்டத்தில் மிஷிகன் பேந்தர்ஸை 58-34 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கியது இந்த அணிதான்.

மிஷிகன் என்றதும் ஒரு எச்சரிக்கை. நன்றாக ஆடுகிறவர்மேல் பாசம் வைக்காதீர்கள். 2024 மார்ச் 30, யு.எஃப்.எல்.லின் முதல் நாள், டெட்ராய்ட். மிஷிகன் ஒரு புள்ளி பின்தங்கி இருக்கிறது, எதிரே நம் காக்காய்க் கூட்டத்து அணி. ஜேக் பேட்ஸ் 64 கஜத்திலிருந்து உதைக்க வருகிறார். கொஞ்ச நாள் முன்பு வரை ஹூஸ்டனில் செங்கல் விற்றுக்கொண்டிருந்தவர். கல்லூரியில் ஒரு ஃபீல்டு கோல்கூட முயன்றதில்லை. உதைக்கிறார், கம்பங்களுக்கு நடுவே போகிறது. ஆனால் அவரைக் குழப்புவதற்காக எதிரணி அதற்குள் டைம்-அவுட் கேட்டிருந்தது, செல்லாது. மறுபடி அதே இடம், அதே 64 கஜம். மறுபடி உள்ளே. 18-16.

இதைப் பார்த்து அழுதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஜூனிலேயே டெட்ராய்ட் லயன்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. வளர்த்த பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி ஆகிவிடும் மனசு. அதோடு விட்டதா? 2026 சீசனுக்கு மிஷிகன் அணியையே எடுத்துவிட்டார்கள். செங்கல் நல்ல விலைக்குப் போயிற்று, சூளையை மூடிவிட்டார்கள்.

கடைசியாக ஜெர்சி. இதில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். 2019இல் ஏ.ஏ.எஃப். பிப்ரவரி 9 அன்று தொடங்கியது. ஆர்லாண்டோ அப்போலோஸ் ஏழு வெற்றி, ஒரு தோல்வி. கோப்பை நமக்குத்தான் என்று அந்த ஊரில் ஜெர்சி வாங்கியவர் நியாயமான ஆள். ஏப்ரல் 2 அன்று லீக்கையே நிறுத்திவிட்டார்கள். எட்டு வாரம். நம்மூர் டெய்லரிடம் தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த சட்டைகூட அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும் என்று சத்தியம் செய்ய முடியாது.

அதற்காக வாங்காமலும் இருக்கக் கூடாது. வாங்குங்கள், ஆனால் எறியாதீர்கள். ஹூஸ்டன் கேம்ப்ளர்ஸ் 1984இல் பிறந்து இரண்டே சீசனில் போன அணி. அன்று ஒருவர் அதன் ஜெர்சியை வாங்கியிருந்தால், 36 வருஷம் அது வீட்டில் கார் துடைக்கத்தான் ஆகியிருக்கும். 2022இல் கேம்ப்ளர்ஸ் திரும்பி வந்தது, துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். 2024இல் லீக்குகள் சேர்ந்தபோது ஹூஸ்டன் அணிக்கு ரஃப்னெக்ஸ் என்று பெயர், கழற்றிவிடலாம். 2026க்கு மறுபடியும் கேம்ப்ளர்ஸ். எனவே கராஜை ஒழிக்கச் சொன்னார்கள் இல்லையா, ஒழிக்கும்போது ஒரு அட்டைப்பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்சியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி மடித்து, நாலு பாச்சை உருண்டை போட்டு, பெட்டிமேல் லீக்கின் பெயரை எழுதுங்கள். பென்சிலால்.