காதுக்கு எத்தனை முதலாளி?

'ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும்' என்று ஒயர்லெஸ் ஹெட்போன் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கிறார்களே, அதில் பொய் ஒன்றும் இல்லை. இணையத்தான் செய்கிறது. தலையில் மாட்டியதும் உள்ளேயிருந்து ஓர் அம்மணி முதல் கருவி வந்துவிட்டது, இரண்டாவதும் வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிவிக்கவும் செய்கிறார். வந்த இருவரில் யார் பேச்சு உள்ளே விடப்படும் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. இந்த மல்டிபாயிண்ட் வசதியால் அவதிப்படுகிற பலரும் சிக்னலைத் திட்டுகிறார்கள், பேட்டரியைத் திட்டுகிறார்கள். என் கட்சி வேறு. சிக்னல் பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்க்கிறது. நம் கையில் இருந்த ஒரு முடிவை, அதை எடுக்கத் தெரியாத ஒன்றிடம் நாமே தூக்கிக் கொடுத்துவிட்டோம். கோளாறு அங்கே இருக்கிறது.

கம்பி இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. பிளக் எதில் சொருகியிருக்கிறதோ அதன் சத்தம் காதில் விழும், பிடுங்கினால் விழாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் பலகை முன் உட்கார்ந்து இன்னாரை இன்னாரோடு சேர்த்துவைத்த கால் அங்குல பிளக்கின் சிறுத்துப்போன வாரிசுதான் நம் 3.5 மில்லிமீட்டர் பிளக். யாரோடு யார் என்று முடிவுகட்டுவதே அதன் பரம்பரைத் தொழில், அதுவும் ஒரு மனிதரின் கையால். 1979-இல் சோனி கொண்டுவந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. அன்றைக்கு எதிர்பார்த்தது ஒரு கருவி, இரண்டு தலை. பாட்டுக்கு நடுவே இருவரும் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டனும் இருந்தது. அழுத்தினால் பாட்டு தணிந்து மைக் வழியே பேச்சு கேட்கும். அங்கேயும் அழுத்தியது ஒரு விரல் என்பதைக் கவனியுங்கள். 2016-இல் ஐபோன் 7 அந்தத் துளையே இல்லாமல் வந்தபோது கம்பி போனதைப் பற்றி ஊரே பேசியது. கூடவே விரலும் போனதைப் பற்றிப் பேச்சு அதிகம் இல்லை.

விரல் இருந்த இடத்தில் இப்போது ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. அதன் சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் புழங்குகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலில், நொடிக்கு 1,600 முறை அலைவரிசை தாவி, போனுக்குக் கொஞ்சம் லேப்டாப்புக்குக் கொஞ்சம் என்று நேரத்தைப் பங்குபோடுகிறது. இத்தனை வித்தை தெரிந்த சில்லுக்கு உலக ஞானம் மட்டும் இரண்டே வரி. வருவது பாட்டா அழைப்பா என்று தெரியும், ஏனென்றால் புளூடூத்தில் இரண்டுக்கும் வழி தனித்தனி. அழைப்பு வந்தால் பாட்டு ஒதுங்க வேண்டும். அடுத்தது, யார் முந்தி யார் பிந்தி என்று தெரியும். சில மாடல்களில் முதலில் ஆரம்பித்தவர் நிறுத்தும்வரை மற்றவர் வாயைத் திறக்க முடியாது. வேறு சிலவற்றில் கடைசியாகச் சத்தம் போட்டவருக்கே மேடை. வழக்கு என்னவென்றே கேட்காமல் தீர்ப்பைச் சொல்லிவிட்டுச் சொம்போடு எழுந்துபோகிற நாட்டாமை இது. லேப்டாப்பில் செய்தி படிக்கும்போது பக்கத்தின் மூலையில் நகைக்கடை விளம்பரம் ஒன்று தானாக ஓடத் தொடங்கினால் போதும், போனில் ஓடிக்கொண்டிருந்த கச்சேரி தனி ஆவர்த்தனத்தின் நடுவில் அறுந்துவிடும். இதைவிட ரசமானது ஆபீஸ் மீட்டிங். லேப்டாப்பின் சொந்த மைக்கில் நாம் பேசினால், மேனேஜரின் குரல் ஹெட்போனுக்குப் பாட்டு வழியாகவே வந்து சேரும். சில்லைப் பொறுத்தவரை மேனேஜர் பாடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் பர்சனல் லோன் வேண்டுமா என்று யாரோ போன் செய்தால், அது அழைப்பு. எனவே உயர்ந்த ஜாதி. இந்தாண்டு சம்பள உயர்வு பற்றி அவர் சொன்ன வாக்கியத்தின் பின்பாதி அதோடு போச்சு.

தரத்திலும் இதற்கு ஒரு விலை உண்டு. நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் எல்டேக் முறைக்காகவே பலர் சோனி 1000எக்ஸ்எம்4 வாங்கினார்கள். அது 2020-இல் வந்தபோது, இரண்டு கருவி இணைப்பை இயக்கினால் எல்டேக் கிடையாது. அழைப்பு வழியோ இன்னும் மோசம். அதில் பொதுவாக நொடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகள்தான், சிடியில் 44,100. மைக் திறந்ததும் உலகமே பழைய டெலிபோனுக்குள் போய்விடுவது அதனால்தான்.

இதற்கு மறுப்புகள் உண்டு, நியாயமானவையும் உண்டு. லேப்டாப்பில் படம் பார்க்கும்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், ஹெட்போனைக் கழற்றாமல் எடுக்க முடிகிறதே, அது சாதாரண விஷயமா என்பார்கள். இல்லைதான், மல்டிபாயிண்ட் சம்பளம் வாங்குவது அந்த ஒரு வேலைக்கு. ஒரே கம்பெனிப் பொருளாக வாங்கினால் எல்லாம் தானே மாறிக்கொள்ளும் என்பார்கள். ஆப்பிள் 2020-இல் ஏர்பாட்ஸுக்கு அப்படித்தான் செய்தது. ஒரே கணக்கில் ஐபேட் ஒன்று குழந்தையின் கையில் இருக்கும் வீட்டில், அந்தத் தானியங்கிக் கருணை அப்பாவின் காதுக்குக் கார்ட்டூனைக் கொண்டுவந்து சேர்க்கும் அபாயமும் கூடவே வருகிறது. இரண்டு சத்தத்தையும் கலந்தே கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களிடம் சரக்கு இருக்கிறது: சில கேமிங் ஹெட்செட்டுகள் தனி டாங்கிள் வழியே விளையாட்டையும் புளூடூத் வழியே போனையும் சேர்ந்தே ஒலிக்கவிடுகின்றன. அது என் பக்கத்துச் சாட்சி. அங்கே சில்லு தீர்ப்பு சொல்வதில்லை, கேட்பவர் சொல்கிறார். புளூடூத்தின் புதிய எல்.இ. ஆடியோ வந்தால் தீரும் என்ற நம்பிக்கைதான் எனக்குப் புரியவில்லை. குறைந்த பிட்டில் நல்ல ஒலி தரும் எல்சி3 அதில் வருகிறது, நல்லது. ஆராகாஸ்ட் என்ற வசதியால் ஒரு கருவியிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம், அதுவும் நல்லது. வாக்மேனின் இரண்டாவது துளை பெருகிவிட்டது. லோன்காரரா மேனேஜரா என்ற கேள்விக்கு மட்டும் அதிலும் பதில் இல்லை.

வேண்டாமென்றால் செயலியில் அணைத்துவிடலாமே என்பது கடைசி வாதம். அணைக்கலாம். அந்த ஸ்விட்ச் போன் செயலியின் மூன்றாவது மெனுவுக்குள் இருப்பானேன்? ஒலியைக் கூட்டக் குறைக்க, பாட்டை நிறுத்த, சத்தத்தை வடிகட்ட எல்லாவற்றுக்கும் காதோரம் பட்டன் வைத்தவர்கள், 'இனி போன்', 'இனி லேப்டாப்' என்று மாற்றவும் ஒன்று வைத்தால் குடி முழுகிவிடாது. ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது எத்தனை கருவியோடு இணையும் என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒன்றாகச் சத்தம் போட்டால் யாரை உள்ளே விடும், அதை மாற்றப் பட்டன் எங்கே என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரிந்திருக்காது. பரவாயில்லை, கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் அவர் கம்பெனிக்காரரைக் கேட்பார்.