தென்னையின் தும்பிக்கை: கயிற்றுக்கடை லோகோவுக்கான எழுத்துருவியல் ஆராய்ச்சி

வைகாசித் தேர் நிலைக்கு வந்ததும் சேவுகப்பெருமாள் அய்யனாருக்குத் தேங்காய் உடைத்து மாளாத ஊர் சிங்கம்புணரி. உரித்த மட்டை நாராகும், நார் கயிறாகும், கயிறு கடை ஏறும். கடை என்றால் முன்பு பெயர்ப்பலகை போதும். இப்போது விசிட்டிங் கார்டுக்கும் வாட்ஸ்அப்புக்கும் லோகோ வேண்டும். அந்த லோகோவை எந்த எழுத்துருவில் அமைப்பது என்ற கேள்வியை அறிஞர் உலகம் இன்றுவரை தீண்டவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த ஆராய்ச்சி.

ஆய்வுக்காக ஒரு கடையைக் கற்பித்துக்கொள்வோம். பலகையில் வரவேண்டிய வாசகம்: ‘தென்னை நார்க் கயிறு, சிங்கம்புணரி’. முதலாளிக்குப் பெயர் தேவையில்லை. எழுத்துரு விஷயத்தில் எல்லா முதலாளிகளும் ஒரே ஆள்தான்.

முதற்கண் தடிப்புவாதம். எந்த மாதிரியைக் காட்டினாலும் முதலாளி சொல்வது இதுதான்: “தம்பி, எலும்பும் தோலுமா இருக்கு. கொஞ்சம் சதை போடுங்க.” பஸ்ஸில் போகிறவன் படிக்க வேண்டும் என்பது அவர் காட்டும் ஏது. ஏது நியாயமானது, விளைவுதான் விபரீதம். தமிழ் எழுத்து சுழிகளால் ஆனது. கோட்டைத் தடிப்பாக்கினால் தடிப்பு உள்பக்கமும் வளர்ந்து சுழியின் ஓட்டையை அடைக்கும். 1957இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹெல்வெட்டிகா எழுத்துருவை எவ்வளவு கொழுக்க வைத்தாலும் அதன் ‘எச்’சுக்கு அடைபட ஓட்டை கிடையாது. நம் ‘ண’வுக்கோ மூன்று சுழி. சதை போடப் போட அது மங்கி, எதிர்சாரியிலிருந்து பார்ப்பவனுக்கு ஊர் ‘சிங்கம்புனரி’ ஆகிவிடும். ஊராட்சியோ சட்டமன்றமோ தீர்மானம் போடாமல் ஊர்ப்பெயரை மாற்ற இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடுத்தது தும்பிக்கை வழக்கு. இதுவே ஆய்வின் உயிர்நிலை என்க. முதலாளியின் தகப்பனார் காலத்துப் பலகையில் ‘தென்னை’யின் ‘னை’, முன்னால் இரட்டைச் சுழி இல்லாமல், தலையில் தும்பிக்கை வளைத்து நின்றது. அந்த வடிவத்தைப் பெரியார் 1935இலேயே ‘குடிஅரசு’ இதழில் கைவிட்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978இல் அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா வகையில் ஒன்பதும் ணை, லை, ளை, னை நான்குமாகப் பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சுப் பொறிக்கும் பெரிய நிம்மதி. ஆனால் தென்னை வியாபாரிக்குத் தன் சரக்கின் பெயரிலேயே தும்பிக்கை போயிற்று. “அப்பா போர்டுல இருந்த மாதிரியே வேணும்” என்று அவர் கேட்பதில் வரலாற்று நியாயம் இருக்கிறது. யூனிகோடில் பழைய ‘னை’க்கும் புதிய ‘னை’க்கும் குறியீடு ஒன்றே, எந்த உருவில் தெரிவது என்பது எழுத்துருவின் விருப்பம். எழுத்துருக்களோ பெரும்பாலும் அரசாணைக்குக் கட்டுப்பட்டவை.

பிளெக்ஸ் கடைச் சித்தாந்தம் இவ்விரண்டையும் ஒரே அடியில் வீழ்த்தும். அங்கே எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது முதலாளியும் அல்ல, நாமும் அல்ல, கணினியில் ஏற்கெனவே இருப்பது. பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருவில் கோப்பு இருந்து, திறக்கும் கணினியில் அது இல்லாவிட்டால், தென்னை நார் ஆங்கிலக் கீரைக்கட்டாகும். யூனிகோடில் கொடுத்தாலோ, பழைய மென்பொருள் கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைக்கும். ‘தெ’, ‘னை’ என்று முன்னொட்டும் குறிகள் இரண்டு உடைய ‘தென்னை’க்கு இரட்டைத் தண்டனை. போதாக்குறைக்கு, பலகையில் இடம் மிஞ்சினால் எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பார்கள். நிற்கும் கோடு தடிக்கும், படுத்த கோடு அப்படியே இருக்கும். கயிற்றை இழுக்கலாம், எழுத்தை இழுக்கக் கூடாது என்பது நம் துணிபு.

எண் ஜோதிடம் பற்றி ஒரு வரி போதும்: ஆங்கிலப் பெயரில் கூடுதலாக ஒரு ‘ஏ’ வரும், அதைத் தடுக்க முடியாது. பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற அரசு விதி மட்டும் அந்த ‘ஏ’யைச் சிறிதாக்கும்.

தமிழ் எழுத்தை முறையாக ஆராய்ந்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு ஒரு சான்று. 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார், மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். வரைந்ததோ தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’உம் கலந்த வடிவம். அவருக்கு வாய்த்த வாடிக்கையாளர் அப்படி.

முடிபு: நடுத்தரத் தடிப்பு. பலகை எழுதும் ஓவியர் ஒருவரைப் பிடித்து, தும்பிக்கை ‘னை’யைக் கையால் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து, வெறும் வடிவமாகவே பிளெக்ஸ் கடைக்குக் கொடுக்கவும். அங்கே யாரும் அதைத் தட்டச்சு செய்ய முடியாது. ஆகவே கெடுக்கவும் முடியாது.

தமிழ் எழுத்துரு செய்வோருக்கு ஒரு விண்ணப்பம்: தடித்த வடிவத்தை வெளியிடுமுன் ‘சிங்கம்புணரி’ என்று ஒருமுறை அடித்து, எட்டி நின்று பாருங்கள். மூன்று சுழியும் தெரிந்த பிறகு வெளியிடுங்கள்.