டன் கணக்கா, சூட்டுக் கணக்கா?

விறகு வியாபாரம்: வாசகர் கேள்வி – பதில்

கே: கேஸ், கரண்டு என்று காலம் போகிறது. திருப்பூரில் இனியும் விறகு விற்றுப் பிழைக்க முடியுங்களா? (பல்லடம் வாசகர்)

ப: தாராளமாக. துணிக்குச் சாயம் ஏற நீராவி வேண்டும். இங்கே ஏராளமான சாயப்பட்டறைகளில் பாய்லர் எரிவது விறகில்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற விதி கறாரானது. சாயத் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சுகிற உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். அதற்கும் நீராவி, அந்த நீராவிக்கும் பல இடங்களில் விறகு. நொய்யல் ஆற்றைச் சாயக் கழிவிலிருந்து காப்பாற்றும் வேலையில் உங்கள் லோடுக்கும் பங்கு உண்டு. தலை நிமிர்ந்தே தொழில் செய்யுங்கள்.

கே: எந்த மரம் வாங்கலாம்? (காங்கேயம் வாசகர்)

ப: முதல் ஓட்டு சீமைக்கருவேலத்துக்கு. நின்று எரியும், கனலும் நன்றாகக் கட்டும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் எக்கச்சக்கமாக நிற்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஏரியிலும் குளத்திலும் நிற்பதை ஏலம் எடுக்காமல் தொடாதீர்கள். சவுக்கும் அருமையான விறகு, ஆனால் காகித ஆலைக்காரரும் சாரம் கட்டுகிறவரும் அதையேதான் கேட்கிறார்கள், விலை கட்டுப்படியாகாது. பனை மட்டும் வேண்டவே வேண்டாம். கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்துவிட்டது. அனுமதியே கிடைத்தாலும் மனசு வரக் கூடாது.

கே: எடை மேடைச் சீட்டு சரியாக இருந்தும், 'ஈர விறகு' என்று பாய்லர் ஆபரேட்டர் லோடைத் திருப்பிவிட்டார். இது நியாயமா? (அவிநாசி வாசகர்)

ப: நியாயம்தான். நீங்கள் எடையை விற்கிறீர்கள், அவர் சூட்டை வாங்குகிறார். ஒரு டன் விறகில் 45 சதவீதம் ஈரம் என்றால் அதில் மரம் 550 கிலோதான். மிச்சம் 450 கிலோ தண்ணீர். ஈரம் 20 சதவீதமாகக் காய்ந்திருந்தால் மரம் 800 கிலோ. விலையோ இரண்டுக்கும் ஒன்று! நஷ்டம் அதோடு நிற்பதில்லை. விறகிலுள்ள ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாகிப் போக ஏறக்குறைய 600 கிலோ கலோரியைத் தின்றுவிடும். பாய்லரில் பிரஷர் ஏறாது, புகைபோக்கி கறுப்பாகக் கக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி.

ஏற்றும்போதே பாருங்கள். காய்ந்த கட்டையின் வெட்டுவாயில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும். இரண்டு கட்டைகளை மோதினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'தொம்' என்றால் இன்னும் வெயிலில் கிடக்கட்டும். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும். மேல்பட்டை பொய் சொல்லும்.

கே: மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. 45 நாளில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே? (பெருமாநல்லூர் வாசகர்)

ப: இருக்கிறது, உங்களுக்கு இல்லை. 2006-ம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டம் தரும் அந்தப் பாதுகாப்பு, உற்பத்தியும் சேவையும் செய்கிறவர்களுக்கு. வாங்கி விற்கும் வியாபாரிக்கும் 2021 ஜூலையில் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவைத் திறந்துவிட்டார்கள். ஆனால் வங்கிக் கடனில் முன்னுரிமை என்பதோடு சரி. இது மாற வேண்டும் என்பது என் கட்சி. மரக்காரருக்கு ரொக்கம், டீசலுக்கு ரொக்கம், ஏற்று இறக்குக் கூலி அன்றைக்கன்றே. இத்தனையும் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தால் எந்த விறகுக்கடை தாங்கும்? ஒருவருக்கு இத்தனை லோடுதான் கடன் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பழைய பாக்கி வராமல் புது லோடு ஏற்றாதீர்கள். ஒரே பட்டறையை நம்பி லாரி வாங்காதீர்கள்.

கே: விறகுக்கு ஜி.எஸ்.டி. உண்டா? (தாராபுரம் வாசகர்)

ப: கிடையாது. இ-வே பில்லும் வேண்டாம். ஆனாலும் பில் போடுங்கள். பாக்கி கேட்க அதுதான் சாட்சி.

கே: எப்போது ஸ்டாக் வைப்பது? (ஊத்துக்குளி வாசகி)

ப: மாசியில் வாங்கி, பங்குனி, சித்திரை வெயிலில் காயவிடுங்கள் தங்கச்சி. அடியில் கட்டை கொடுத்து, காற்றுப் போக இடம் விட்டு அட்டி போடுங்கள். ஐப்பசி மழைக்கு மேலே மட்டும் தார்பாய், பக்கவாட்டில் மூடினால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பும்வரை பட்டறைகள் படுத்துவிடும், அந்த வாரத்துக்கு லாரி பேசாதீர்கள்.

கே: சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். விறகுக்காரர்களுக்கே புத்தி சொல்கிறீர்களே, எங்களுக்கு ஒன்றும் இல்லையா? (வீரபாண்டி வாசகர்)

ப: உண்டுங்க. ஈரத்தை அளந்து அதற்கேற்ற விலை கொடுங்கள், காய்ந்த விறகு தானாக உங்கள் வாசலுக்கு வரும். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போடும்போது விறகுக்காரர் கணக்கையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.